உப்புப் பார்க்காத சமையல்

அவனியாபுரத்து மாயக்காள் பதினெட்டு வருஷமாகச் சமையல்காரி. அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கொதிக்கிற குழம்பைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்ததில்லை. கேட்கிறவர்களுக்கு இது பொய்யாகத் தோன்றலாம். காரணம் சாதாரணமானதுதான். அவள் வேலை பார்த்தது ஒரு முருகன் கோயிலின் அன்னதானக் கூடத்தில். அங்கே வெந்தது எதுவானாலும் முதலில் சாமிக்குப் போகும். சாமிக்குக் காட்டிய கையோடு பந்திக்குப் போகும். நடுவில் சமைக்கிறவர்களின் நாக்குக்கு வேலையே கிடையாது. உப்புப் போடுவது ஒரே கைதான், அது மாயக்காளின் கை. அவள் போட்டால் போட்டதுதான். உப்பு ஜாடியை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

போன சித்திரை கழிந்ததும் கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவது என்று கோயில்காரர்கள் முடிவு செய்தார்கள். கட்டி முடித்த பிறகும் அடுப்பு வேண்டாம், சாப்பாட்டை வெளியே கேட்டரிங்கில் சொல்லிக்கொள்வோம் என்றும் முடிவானது. மாயக்காளுக்கு ஒரு சேலை, தட்டில் பழம், பெரிய பொட்டலம் விபூதி எல்லாம் கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். அவளுக்கு யார் மேலும் கோபமில்லை. ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை.

அவள் வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை பேருக்குச் சமைத்தவள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது புருஷன் தவசிதான். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். விடியுமுன் அவள் கோயிலுக்குப் போய்விடுவதால் காலையில் அவன் ஏதாவது கிண்டி இறக்குவான். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் அவள் தூக்குவாளியில் கொண்டுவருகிற பிரசாதம். அப்படியே பழகிவிட்ட வீடு. இப்போது அவள் வீட்டோடு இருந்தும் தவசி கரண்டியை விடவில்லை.

"நீங்க நகருங்க, நான் செய்யுறேன்."

"சும்மா இரு ஆத்தா. ஓய்வு பெத்த அதிகாரி நீ. போயி கால நீட்டி உக்காரு."

"மூணு பேருக்கு ஆக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீகளா?"

"தெரியும்தான். நீ அளவு போட்டா தெருவுக்கே பந்தி போடணும், அதான் யோசிக்கேன்."

அவன் கேலி பண்ணினாலும் அவள் தவிப்பு அவனுக்குத் தெரியும். ஆட்டோவில் வந்த ஒரு பெண், திருநகரில் தாங்கள் தங்கியிருக்கிற லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் மாஸ்டர் நின்றுவிட்டார், ஆள் கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். தவசி அந்த ஹாஸ்டல் நம்பரை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

மகள் பவதாரிணி காலேஜில் கடைசி வருஷம். அங்கே இன்டர்வியூவுக்கு எப்படிப் பேசுவது என்று வகுப்பே நடத்துகிறார்கள். அம்மாவை எதிரே உட்காரவைத்து அவளும் வகுப்பு நடத்தினாள்.

"அம்மா, கேப்பாங்க. உங்க பலம் என்ன, பலவீனம் என்னன்னு."

"பலவீனம் முழங்கால்லதான். படி ஏறுனா புடிச்சுக்கிருது."

"அய்யோ, அது இல்லம்மா. வேலையில. சரி, அத விடு. ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிறீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

மாயக்காள் யோசித்தாள். ஏன் வேலைக்குப் போகிறாய் என்று இதுவரை அவளை யாரும் கேட்டதே இல்லை.

"ஆளு வேணும்னு சொன்னாக, அதான் வந்தேன்னு சொல்லுவேன்."

பவதாரிணி தலையில் கைவைத்துக்கொண்டாள். அடுக்களையில் இருந்து தவசி சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் மாறித் திருநகர் போய்ச் சேர்ந்தாள். ஹாஸ்டலை நடத்துகிறவர் சுஷ்மா. முன்பு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர், மாமனாரின் பெரிய வீட்டை ஹாஸ்டலாக மாற்றி நடத்திவருகிறார். நறுக்கென்று பேசினாலும் முகத்தில் கடுமை இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இதுவரைக்கும் என்னென்ன வேலை பாத்திருக்கீங்க? மொதல்ல இருந்தே சொல்லுங்க."

மொதல்ல இருந்து என்றால் மாயக்காளுக்கு அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்புக் காடுதான் வந்து நின்றது. அவள் அம்மா தலைமுறை வரைக்கும் அடுத்தவர் காட்டில்தான் பாடு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு களை எடுக்கப் போனாள். பிடித்துப் போகவில்லை, பிடிக்காமலும் போகவில்லை. அம்மா போனாள், இவளும் போனாள். கரும்புத் தோகை கை காலெல்லாம் கீறிவிடும். நிறுத்தாமல் வேலை செய்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். குனிந்தால் வரப்பு முடியும்வரை நிமிர மாட்டாள்.

கல்யாணமாகி அவனியாபுரம் வந்த பிறகு சித்தாள் வேலை. இதே திருநகரில் இரண்டு மூன்று வீடுகளுக்கு அவள் செங்கல் சுமந்திருக்கிறாள். காலையில் இல்லாத சுவர் சாயங்காலம் நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. சாரத்தில் ஏறினால்தான் தலை சுற்றும். ஒரு நாள் சாந்துச் சட்டியோடு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் ஏறிவந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "நீ நாளைக்கு வராத தாயி, ஒங்க வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றார்.

அப்புறம் ஒரு அப்பளக் கம்பெனி. அங்கே அவள் கைக்கு வட்டம் வரவே இல்லை. ஒரு அப்பளம் தட்டு அளவு, அடுத்தது வடை அளவு. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து அவர்கள் அப்பளமும் கோணிப்போனது. முதலாளி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். தன் கை சின்ன வேலைக்கு ஆனதில்லை என்று அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

கடைசியாகக் கோயில். முதலில் அண்டா தேய்க்கத்தான் சேர்ந்தாள். அடுப்பருகே வர நாலைந்து வருஷமானது. சமையல்காரர் சின்னச்சாமி காய்ச்சலில் படுத்த ஒரு கார்த்திகையன்று, வேறு வழியில்லாமல் கரண்டி அவள் கைக்கு வந்தது. அவ்வளவு பெரிய அண்டாவைப் பார்த்ததும் பயம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அரிசி எம்புட்டு, தண்ணீர் எம்புட்டு என்று கை தானே அள்ளிப் போட்டது.

இதையெல்லாம் அவள் சுஷ்மாவிடம் பாதி சொன்னாள், பாதியை விழுங்கினாள். அப்பளக் கதைக்கு சுஷ்மா சிரித்துவிட்டார்.

"சரி, சமையல்ல உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மாயக்காளுக்குப் பதில் தெரியும். பந்தியில் நூறு பேர் உட்கார்ந்து காச்சுமூச்சென்று பேசிக்கொண்டிருப்பார்கள். இலையில் சோறு விழுந்து, குழம்பு விழுந்து, முதல் வாய் வைத்ததும் அந்தச் சத்தம் சட்டென்று அடங்கும். அண்டா தேய்க்கிற காலத்தில் கரியும் கையுமாக வாசலில் நின்று அதைக் கேட்பாள். அந்த அமைதிக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து போனாள். இதை எப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது? கூச்சமாக இருந்தது.

"எனக்குச் சோறு போடப் புடிக்கும் மேடம்" என்றாள்.

சுஷ்மா தலையாட்டினார். "நல்லது. இன்னைக்கு மத்தியானச் சமையல் நீங்க செய்ங்க. பிள்ளைங்க சாப்பிட்டு என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம். வாய்க்கு நல்லா இல்லேன்னா மறுநாளே ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருதுங்க. பழைய மாஸ்டரால அஞ்சு பேர் போயாச்சு."

சமையலறையில் பாண்டிச்செல்வி என்கிற உதவிக்காரி இருந்தாள். கலகலப்பான பெண். காய் நறுக்கிக்கொண்டே ஹாஸ்டல் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். சாம்பார், ரசம், முட்டைக்கோஸ் பொரியல் என்று முடிவாயிற்று. அறுபது பேருக்குத்தான், மாயக்காளுக்கு இது விளையாட்டு மாதிரி. பருப்பு வெந்தது, புளியைக் கரைத்து விட்டாள், கொதி வந்ததும் கணக்காக உப்பை அள்ளிப் போட்டாள். ரசத்துக்கும் போட்டாள். கை கழுவிவிட்டுப் பொரியலுக்குத் தேங்காய் துருவ முற்றத்துப் பக்கம் போனாள்.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. காலேஜ் பிள்ளைகள். வரிசையாகத் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாயக்காள் வாசலுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

முதல் வாய் வைத்தார்கள். சத்தம் அடங்கியது. அடுத்த நொடி கூடிவிட்டது.

"ஏய், என்னடி இது, கடல் தண்ணி!"

"தண்ணி ஜக்க இங்கிட்டுத் தள்ளு, சீக்கிரம்!"

"புது மாஸ்டர் வீட்ல உப்பளம் இருக்குமோ?"

ஒருத்தி வாஷ்பேசினுக்கே ஓடினாள். மாயக்காள் வாசலை விட்டு விலகினாள். சமையலறைக்குள் திரும்பிப் பார்த்தாள். பாண்டிச்செல்வி வாயில் கைவைத்தபடி நின்றாள்.

"அக்கா, சாம்பாருக்கு நீங்க உப்புப் போட்டீகளா?"

"போட்டேனே."

"நானும்ல போட்டேன்! ரசத்துக்குத்தான் இன்னும் போடல. பழைய மாஸ்டர் உப்புப் பக்கமே போக மாட்டாரு, எப்பவும் நான்தான் போடுவேன். அவரு வாயில வச்சுப் பாத்துட்டுக் கூடக் கொறைய சொல்லுவாரு. நீங்களும் எப்படியும் பாப்பீகன்னு நெனச்சேன்."

சுஷ்மா வந்துவிட்டார். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார், முகம் சுருங்கியது.

"இறக்குறதுக்கு முன்னாடி டேஸ்ட் பண்ணிப் பாக்கலையா?"

"இல்ல மேடம். பழக்கமில்ல."

"பழக்கமில்லையா? பதினெட்டு வருஷம் சமைச்சேன்னீங்க?"

"ஆமா மேடம். சாமிக்குக் காட்டுறதுக்கு முன்னாடி வாயில வைக்கக் கூடாது. ஒருநாளும் வச்சதில்ல."

"அப்போ நல்லா இருக்கா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சுஷ்மா திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். மாயக்காள் உப்புக் கரித்த சாம்பாரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"சரி, இப்ப அதப் பேசி நேரமில்ல. வேலைக்குப் போற பிள்ளைங்க ரெண்டு மணிக்கு வருவாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறவங்க. அவங்களுக்கு வேற சாம்பார் வையுங்க. வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் இறக்கணும். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஹோட்டல்ல சொல்லிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மாயக்காள் பருப்பை ஏற்றிவிட்டுப் பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். வேலை போய்விடுமோ என்பது ஒரு பக்கம் இருந்தது. சுஷ்மாவின் கேள்விதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சொன்னதே இல்லை. இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஒரு தைப்பூசத்துக்குப் பாயசம் அடிபிடித்துவிட்டது. அதையும் முருகா முருகா என்று டப்பாவில் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் சாப்பிட்டது சாமியின் பிரசாதம். அந்த அமைதி சாமிக்கு உரியதா, தன் குழம்புக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டா? அவளுக்கு உண்மையில் சமைக்கத் தெரியுமா?

போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள். தவசிதான் எடுத்தான். நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா இம்புட்டுக் கலங்குற? மொதல்ல ஒரு கரண்டி எடுத்துச் சாமிக்குக் காட்டு. அப்புறம் நீ நக்கிப் பாரு. அதுல என்னத்தா குத்தம்?"

அவன் சொன்னது சரிதான். இத்தனை எளிதான வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. சாமியைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறோமோ?

"பவதாரிணிகிட்டக் குடுங்க." மகள் வந்தாள். "நெசத்தச் சொல்லு. என் சமையல் எப்படி இருக்கும்?"

"என்னம்மா திடீர்னு... பிரசாதம்தானம்மா. அதுல போயி என்னத்தச் சொல்ல?"

"சரி, வைக்கிறேன்."

இரண்டாவது சாம்பார் கொதித்தது. உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இனி இது என் பொறுப்பு தாயி" என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னாள். பின்கட்டுக் கதவைத் திறந்தால் வீடுகளுக்கு நடுவே திருப்பரங்குன்றத்து மலை தெரிந்தது. ஒரு சின்னத் தட்டில் சோறும் சாம்பாரும் ரசமும் வைத்து மலைப் பக்கமாகக் காட்டிக் கண்ணை மூடினாள். முருகா, நல்லா இருக்கான்னு நான் கேக்கப் போறேன், நீ கோவிச்சுக்காத என்றாள். யாரிடம் கேட்கப் போகிறாள் என்பது முருகனுக்குத் தெரிந்திருக்கும்.

கரண்டியிலிருந்து சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். நக்கினாள். சூட்டில் நாக்கு சுட்டது, வேறொன்றும் தெரியவில்லை. ஊதிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். உப்பு சரியாக இருந்தது. நன்றாக இருந்தது என்றே தோன்றியது.

அடுத்தது ரசம். முதல் பந்தியில் ரசம்வரைக்கும் யாரும் வந்திருக்கவில்லை. உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். பெருங்காயம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. இருமினாள்.

"என்னக்கா?"

"நீ குடிச்சுப் பாரு."

பாண்டிச்செல்வி குடித்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "நல்லாத்தான் இருக்குக்கா. வயித்து வலிக்குக் குடிச்சா ஒடனே கேக்கும்."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையா கோயிலில் அத்தனை வருஷமாக ஊற்றினோம்? வீட்டில் இரண்டு பேரும் இதையா வாய் திறக்காமல் குடித்தார்கள்? சிரித்துக்கொண்டே தக்காளியை எடுத்துப் பிசைந்தாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பெருங்காயமே இல்லாமல் இன்னொரு பாத்திரம் கொதிக்க வைத்து, பழைய ரசத்தில் பாதியை அதில் கலந்தாள். குடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி குடித்தாள்.

"போதும்க்கா, பந்திக்கு மிச்சம் வைங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு வேலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் இரண்டு பேர், ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிறவள் ஒருத்தி, ராத்திரியும் திறந்திருக்கிற மருந்துக்கடைகளில் நிற்கிறவர்கள் சிலர். முதல் பந்தியின் கதை அதற்குள் மாடிவரைக்கும் போயிருந்ததால், சாம்பாரைத் தொட்டு நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பிசைந்தார்கள். இந்தத் தடவை மாயக்காள் வாசலுக்குப் பின்னால் நிற்கவில்லை, குழம்பு வாளியோடு நடுவிலேயே நின்றாள்.

சத்தம் முழுசாக அடங்கவில்லை. ஒருத்தி போனில் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். ஒருத்தி பொரியலை ஒதுக்கி வைத்தாள். ஒரு நர்ஸ் இரண்டாந்தரம் ரசம் கேட்டு டம்ளரை நீட்டினாள். சுவர் ஓரமாக இருந்த ஒல்லியான பெண் சாப்பிட்டபடியே, "ஆன்ட்டி, சாம்பார்ல புளி கம்மி" என்றாள்.

மாயக்காள் வாளியைக் கீழே வைத்தாள். அவள் சமைத்ததை ஒருவர் வாய்விட்டுக் குறை சொல்வது இன்றைக்கு இது இரண்டாந்தரம். முதல் தடவை வாசலை விட்டு விலகினாள். இப்போது விலகவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"எம்புட்டுக் கம்மி தாயி? கொஞ்சமா, ரொம்பவா?"

அந்தப் பெண் திகைத்துப்போனாள். "இல்ல ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்ல கொஞ்சம் தூக்கலா வைப்பாங்க, அதான்..."

"நல்லா இருக்குங்கறத விடு. எம்புட்டுன்னு சொல்லு. நாளைக்குக் கூட விட்டுப் பாக்கிறேன்."

"எனக்குப் புளி அதிகம் வேண்டாம், நெஞ்சு கரிக்கும்" என்றாள் எதிர் வரிசையில் ஒருத்தி.

"அப்ப நீ ரசத்துக்கு வா. அதுல என்ன கொறைன்னு சொல்லு."

கதவருகே சுஷ்மா நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கா? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே மாயக்கா."

அப்போதுதான் மாயக்காளுக்கு அது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க மேடம்."

சுஷ்மா பந்தியை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒரு மாசம் பாப்போம். மொதப் பந்தியில உப்புக் கரிச்ச சாம்பார் சாப்பிட்ட பிள்ளைங்ககிட்ட நீங்களே சமாதானம் பேசிக்கங்க, நான் மாட்டேன். காலையில அஞ்சரைக்குப் பால் வந்துரும். அதுக்கு முன்னாடி இருக்கணும்."

"வந்துருவேன் மேடம்."

"ருசி பாக்குறது?"

"பாப்பேன். சாமிக்குக் காட்டிட்டுப் பாப்பேன். அதுக்கு ஒரு நிமிஷம் ஆகும்."

"அது ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு சுஷ்மா மாடிக்குப் போனார்.

ஒல்லிப் பெண் எழுந்து கை கழுவப் போனாள். அவள் தட்டில் ஒரு பிடி சோறு மிச்சமிருந்தது. மாயக்காள் அதைப் பார்த்துக்கொண்டே, நாளைக்குப் புளி எந்த அளவுக்கு ஊறவைக்கலாம் என்று உள்ளங்கையைக் குழித்துப் பார்த்தாள்.